அக்காவின் பாட்டுக்குக் கீழே

கோரஸ் பாடினவள் என்றுதான் வயதான உறவுக்காரர்கள் என்னைச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு நான் பாடினதே தெரியாது. கோரஸ் என்றால் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடுவது. நான் பாடினது அது இல்லை. என் அக்கா ஒரு மெட்டைப் பாடுவாள். அதே சொற்களை, அதே நேரத்தில், அதைவிடக் கொஞ்சம் கீழே, நான் வேறொரு மெட்டில் பாடுவேன். இரண்டும் சண்டை போடாமல் சேர்ந்து போகும். இதற்கு மேல் விளக்கினால் எதிரில் இருப்பவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். முன்பெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

காஞ்சிபுரத்தில் பிறந்தது என் தலையெழுத்து. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டும் சேருகிற இடத்தைத் திருப்பிப் போட்டு நகத்தால் நீவிப் பார்க்கிற ஊர் இது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் சின்னப் பிள்ளைகூட அந்த இணைப்பில் குற்றம் கண்டுபிடிக்கும். பாட்டில் மட்டும் இந்த ஊருக்கு ஒரே நிறம் போதும். இரண்டாவதாக ஒன்று கேட்டால் யாருக்கோ சுருதி தப்பிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது எதிர்வீட்டால். அங்கே முன்பக்கத்தில் ஒருவர் டேப்ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பழுது சரியானதா என்று பார்க்க ஒரே ஓர் இங்கிலீஷ் கேசட்டை வைத்துக்கொண்டு, வருகிற எல்லாப் பெட்டியிலும் அதையே போடுவார். யார் பாடியது, என்ன சொல் என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. அக்காவும் நானும் எங்கள் வீட்டு நடையில் ராட்டை போட்டு, தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்போம். அக்காவுக்கு அந்தப் பாட்டு வெறும் சத்தம். எனக்கோ இரண்டு மூன்று பேர் பாடுகிறார்கள் என்று தெரியும், ஆனால் யார் எதைப் பாடுகிறார் என்று பிரிக்க முடியாது.

ஒருநாள் ஒரு பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. அவர் அதே கேசட்டைப் போட்டார். பாட்டு வந்தது, ஆனால் அது நான் கேட்டுப் பழகிய பாட்டு இல்லை. மெட்டைக் காணோம். ஒரு குரல் மட்டும், ஏறாமல் இறங்காமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பழைய பாட்டுகளை இந்தக் குரலுக்கு இந்தப் பக்கத்து ஸ்பீக்கர், அந்தக் குரலுக்கு அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் என்று பிரித்துப் பதிவு செய்திருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கடைக்காரர் என்னவோ ஒரு கம்பியைத் தொட்டார். செத்த ஸ்பீக்கருக்கு உயிர் வந்தது. மெட்டு வந்து அந்தக் குரலின் மேல் உட்கார்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சுற்றிக்கொண்டிருந்த நூல் அறுந்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து அக்கா ராட்டையில் உட்கார்ந்து எந்த சினிமாப் பாட்டைப் பாடினாலும் அதற்குக் கீழே எனக்கு ஓர் இடம் தேட ஆரம்பித்தேன். அக்காவுக்கு நல்ல குரல். எதையும் ஒரு தடவை கேட்டால் போதும். கீழ்க்குரல் சோம்பேறி வேலை போலத் தெரியும். அவள் நாலு படி ஏறி இறங்கும்போது நான் ஒரே சுரத்தில் நிற்பேன். ஆனால் எங்கே நிற்கவேண்டும், எப்போது நகரவேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சில இடத்தில் அவள் இறங்கி வருவாள், நான் ஏறிப் போவேன், நடுவில் இரண்டு குரலும் உரசும். அந்த ஒரு நொடியை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டால் பல் கூசும். அடுத்த நொடியே அது அவிழ்ந்து, தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி ஆகிவிடும். பல் கூசாமல் அந்தத் தண்ணீர் இல்லை. அவள் ‘ஆ’ என்று வாயை எவ்வளவு திறக்கிறாளோ அவ்வளவுதான் நானும் திறக்கவேண்டும். சொல் ‘ல்’ என்று முடிந்தால் இரண்டு நாக்கும் ஒன்றாக மடங்கவேண்டும். அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று அவள் தோளைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். எல்லாம் சரியாக அமைந்தால், நாங்கள் இரண்டு பேரும் பாடாத மூன்றாவது குரல் ஒன்று மேலே எங்கேயோ மெலிதாகக் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே நான் பாடினேன். அக்காவும் அதற்காகத்தான் பாடினாள் என்று நினைத்திருந்தேன்.

மார்கழியில் கோயிலில் பெண்கள் சேர்ந்து பதிகம் பாடுவோம். அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதினைந்து. மூன்றாம் நாள் காலையில், வாய் சும்மா இருக்காமல், நான் கீழ்க்குரலுக்கு இறங்கிவிட்டேன். குழுவை நடத்திய டீச்சர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

“யாரோ சுருதி சேராம பாடிக்கினு இருக்கறீங்க. சுருதிப் பெட்டியக் காதுல வாங்குங்கம்மா.”

மறுபடி பாடினோம். மறுபடி நிறுத்தினார். அப்புறம் வரிசை வரிசையாகப் பாடச் சொன்னார், கடைசியில் ஒவ்வொருவராக. என் முறை வந்தது. நான் என்ன பாடினேனோ அதையே பாடிக் காட்டினேன், சரியாகப் பாடுகிறேன் என்ற திமிரில். பெண்கள் சிரித்தார்கள்.

“காதுல ஏதாவது கோளாறாம்மா உனக்கு?” என்றார் டீச்சர். கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிகிறது.

“அவளுக்குத் தொண்ட கட்டிக்கினு இருக்குது டீச்சர்,” என்றாள் அக்கா.

என்னைக் காப்பாற்றினாள் என்று அன்றைக்கு நினைத்தேன். மீதி மார்கழி முழுவதும் சத்தம் வராமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். சாமிக்கு அது போதும் போலிருக்கிறது, யாரும் எதுவும் சொல்லவில்லை.

என்னைச் சரி என்று சொன்ன ஒரே மனிதர் மாஸ்டர். மெல்லிசைக் குழு நடத்தி, கீபோர்டு வாசித்தவர். சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். அக்கா குழுவில் சேரப் பாடிக் காட்டப் போனபோது துணைக்கு நான் போயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், அவள் பாட்டுக்குக் கீழே முனகினேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நீ என்னாமா பாடற?”

“தப்புங்களா சார்?”

“இல்லம்மா. இன்னொரு வாட்டி பாடு. சத்தமா பாடு.”

நான் பாடுவதற்கு ஆல்டோ என்று பெயர் இருப்பதை அவர்தான் சொன்னார். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, உலகத்தில் வேறு சிலரும் இதைச் செய்கிறார்கள் என்று தெரிந்த அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

எட்டு வருடம் பாடினோம். திருவிழா, கல்யாண வரவேற்பு, கூரத்தில் ஒரு காதுகுத்து, வாலாஜாபாத்தில் அரிசி ஆலைக்காரர் வீட்டு விசேஷம். பெண் குரலுக்கு ஒரே மைக். அக்கா நேராக நிற்பாள், நான் பக்கவாட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். அறிவிப்பாளர் அவள் பெயரை நீட்டி முழக்கிச் சொல்லிவிட்டு, “உடன் அவரது தங்கை” என்பார். எனக்குப் பெயர் வைத்ததே வீண். மாஸ்டர் மட்டும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் என் பக்கம் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவார். நான் அதை வைத்துக்கொண்டு அடுத்த கச்சேரி வரை ஓட்டுவேன்.

வாலாஜாபாத் கச்சேரியில் மைக்செட்காரர் ஒரு கேசட்டில் பதிவு செய்து கொடுத்தார். பழைய சினிமாப் பாட்டு ஒன்று, இரண்டாவது சரணத்தில் நாங்கள் உரசி அவிழ்கிற இடம் அதில் விழுந்திருந்தது. அவ்வளவு சரியாக நாங்கள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. நான் பாடினேன் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. அக்கா கல்யாணத்துக்கு டேப்ரிக்கார்டரைச் சீராகக் கொடுத்ததால் கேசட்டும் அவளோடு போனது. ஊருக்குள்ளேயேதான், நாலு தெரு தள்ளி. அவள் வீட்டுக்காரருக்குப் பட்டு ஜவுளிக்கடை. மேடையில் பாடுவது அத்தோடு நின்றது. கீழ்க்குரல்காரி மட்டும் தனியாக மேடைக்குப் போய் என்ன செய்ய முடியும்? இரண்டு வருடத்தில் எனக்கும் கல்யாணம் ஆனது. பிறகு அந்த டேப்ரிக்கார்டர் ஓடாமல் போனது, மாஸ்டரும் இறந்துபோனார்.

என் வீட்டுக்காரர் நெசவு. நல்ல மனிதர், வாய்தான் நீளம். நான் பாடினதை அவர் கேட்டதே இல்லை. “அக்கா பாடும், நீ பின்னால நின்னுக்கினு ம்ம்முனு சொல்லுவ, அதானே?” என்பார், தறியை விட்டு எழாமலே. ஆரம்பத்தில் பதில் சொன்னேன். அப்புறம் என்றைக்காவது கேசட்டைக் கேட்டால் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன்.

சென்ற வருடம் அக்காவின் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். ஒரு மாதம் முன்னால் அக்காவின் மகள் போன் செய்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கமான பெண், ஆறு வருடம் வாய்ப்பாட்டும் கற்றவள்.

“சித்தி, அம்மா பாடின அந்தப் பழைய கேசட்ட எடுத்துக் கிளீன் பண்ணிக்கினு இருக்கேன். ஃபங்ஷன்ல போடப் போறேன். அப்பாவுக்குச் செம சர்ப்ரைஸா இருக்கும்.”

எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அன்னிக்கு மண்டபத்துல கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.” மகனையும் மருமகளையும் லீவு போட்டு வரச் சொன்னேன். ஐம்பத்து மூன்று வயதில், கண்ணாடி முன்னால் நின்று எந்தப் புடவை என்று யோசித்தேன்.

மண்டபத்தில் தாலி கட்டி, ஆசி வாங்கி எல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டைப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, நியாயம் விசாரிக்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மேளம் வந்தது, மாஸ்டரின் கீபோர்டு வந்தது. அக்கா குரல் வந்தது. இருபத்து நான்கு வயதுக் குரல், கண்ணாடி போல. பல்லவியின் இரண்டாவது வரியில் நான் நுழையவேண்டும். வரி வந்தது. நான் வரவில்லை.

“எங்க உன்து?” என்றார் அவர்.

“இனிமே வரும்,” என்றேன்.

சரணம் வந்தது. இரண்டாவது சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. அக்கா தனியாக இறங்கி வந்தாள். எதனோடும் உரசாமல், எதுவும் அவிழாமல், வழுக்கிக்கொண்டு போனாள். மேளமும் கீபோர்டும் எல்லாம் துல்லியமாக இருந்தன. சில சொற்களின் ஓரத்தில் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி என்னவோ ஒன்று கேட்டு மறைந்தது. அது நான்தான். என்னைச் சுரண்டி எடுத்தபோது ஒட்டிக்கொண்டு நின்ற மிச்சம். எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

எல்லாரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். “அக்கா நல்லாத்தான் பாடியிருக்குது,” என்றார். என்னைப் பார்த்து வேறு எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடம் வாய் ஓயாமல் கிண்டல் செய்த மனிதர் அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பரிதாபப்பட்டார் என்று புரிந்தபோது எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது.

அக்காவின் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “எப்டி சித்தி?”

“நல்லா இருந்திச்சிமா. அதுல இன்னொரு குரல் இருக்குமே.”

“ஆமா சித்தி. பின்னாடி ஒரு வாய்ஸ் சுருதி விலகியே ஓடிக்கினு இருந்துச்சி, பாட்டு ஃபுல்லா. பாவம் அம்மா, எப்டித்தான் பாடினாங்களோ. அதைத் தனியாப் பிரிச்சி எடுக்கத்தான் ரெண்டு நாள் ஆச்சு.”

“அது நான்தான்மா.”

அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. “ஐயோ சித்தி, நீங்க பாடுவீங்களா? அம்மா சொன்னதே இல்லையே.”

கேசட் எங்கே என்று கேட்டேன். ஒரு தடவைதான் ஓடியதாம், அடுத்த தடவை போடும்போது நாடா ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிட்டதாம். எடுத்த ஃபைல்? சுத்தம் செய்ததுதான் இருக்கிறது. வேலை முடிந்ததும் மற்றதை அழித்துவிட்டாளாம், எடுத்துப் போட்ட குரலையும் சேர்த்து. அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். விசேஷ வீட்டில் பிள்ளையை அழவைக்கிற சித்தி என்ற பெயரும் எனக்கு எதற்கு? பரவாயில்லை என்று முதுகைத் தடவினேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: “அழிக்கிறதுக்கு முன்னால அம்மாகிட்ட ரெண்டையும் போட்டுக் காட்டினேன் சித்தி. இதான் நல்லா இருக்குதுன்னாங்க.”

அக்கா மணமகள் அறையில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

“ரெண்டையும் கேட்டியாக்கா?”

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. “கேட்டேன்.”

“என்னை எடுத்துட்டா அது பாதிப் பாட்டுன்னு உனக்குத் தெரியாதா? மத்தவங்களுக்குத் தெரியாது. உனக்குமா?”

அவள் வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். “கோச்சிக்காதடி. உண்மையச் சொல்லிடறேன். நீ பக்கத்துல பாடும்போதெல்லாம் எனக்குப் பயமாத்தான் இருக்கும். நீ பாடறது சரியா தப்பான்னு எனக்கு என்னைக்குமே தெரிஞ்சதில்ல. மாஸ்டர் சரின்னாரு, சரின்னு இருந்துட்டேன். நீ என்னை எங்கனா இழுத்துக்கினு போயிடுவியோன்னு என் பாட்ட இறுக்கிப் புடிச்சிக்கினு பாடுவேன். முடிஞ்சா அப்பாடான்னு இருக்கும்.”

“அப்புறம் எதுக்கு எட்டு வருஷம் பாடின?”

“நீ என் தங்கச்சி.”

அவள் என்னை வெறுத்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். பொறாமை என்றால் இன்னும் சுலபம். எட்டு வருடம் ஒரே மைக்கில், அவள் தோளைப் பார்த்து மூச்சு வாங்கினேன். அந்த மூன்றாவது குரலை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிறோம் என்றே இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். அவள் என்னைச் சகித்துக்கொண்டிருந்திருக்கிறாள், காதைப் பொத்தாமல், பாசத்தால். சுருதி சேராத தங்கையோடு பாடிய நல்ல அக்கா அவள். எனக்கு அழுகை வரவில்லை.

நான் கதவுப் பக்கம் திரும்பியதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“நீ பாடினதுல எதனா ஒண்ண இப்ப பாடு. நான் பாடல, சும்மா கேக்கறேன். தனியாக் கேட்டா எனக்குப் புரியுமோ என்னமோ.”

எதற்குப் பாடினேன் என்று தெரியவில்லை. பாடினேன். வாலாஜாபாத்தில் பாடியதை, பல்லவியிலிருந்து இரண்டாவது சரணம் வரை, சொற்களை விட்டுவிட்டு வெறும் குரலாக. ஒரு சுரம்கூட மறக்கவில்லை. எங்கே அவள் மூச்சு வாங்குவாளோ அங்கே நானும் வாங்கினேன். வெளியே சாப்பாட்டுப் பந்திக்கு நாற்காலி இழுக்கிற சத்தம். அக்கா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உண்மையான கவனத்தோடு கடைசி வரை கேட்டாள்.

“நல்லாத்தான்டி இருக்குது,” என்றாள் கண்ணைத் திறந்து. “இது எந்தப் பாட்டு?”

புதுப் பாட்டு, உனக்குத் தெரியாது என்றேன்.